லிட்டருக்கு ஆறு காசு



பல்லடத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். கல்லூரியில் பொருளியல் முதலாண்டு படிக்கிறாராம். நுண்பொருளியல் தாளில் ‘புறவிளைவுகள்’ என்று ஒரு பாடம், அதை ஒட்டியே ‘பண்டங்களின் வகைகள்’ என்று இன்னொன்று. “கலங்கரை விளக்கம், தேனீ வளர்ப்பவர், ஆப்பிள் தோட்டக்காரர், இவர்களை வைத்தே பாடம் ஓடுகிறது. எங்கள் ஊரில் கடலும் இல்லை, ஆப்பிளும் இல்லை. மனப்பாடம் செய்து எழுதிவிடுவேன். ஆனால் இதைப் படித்து நான் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?” என்று கேட்கிறார்.

பல்லடத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா அம்மணி? அந்தப் பாடத்துக்குப் பொருத்தமான ஊர் தேடினால் உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறி அரை நாளுக்குள் நாலைந்து பார்த்துவிட்டுத் திரும்பலாம். இன்னொன்றும் சொல்லவேண்டும். பாடப்புத்தகத்தின் அந்த இரண்டு உதாரணங்களும் ஏற்கெனவே அடிபட்டவை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் தேனீக்காரர்களும் தோட்டக்காரர்களும் வெகுகாலமாகக் கூலி பேசி ஒப்பந்தம் போட்டுத்தான் பெட்டிகளை இறக்கி வைக்கிறார்கள் என்று 1973-ல் பொருளியலாளர் ஸ்டீவன் சியுங் எழுதிவிட்டார். இங்கிலாந்தில் தனியார் நடத்திய கலங்கரை விளக்கங்களுக்கு, துறைமுகத்துக்கு வந்த கப்பல்களிடம் கட்டணம் வசூலித்திருக்கிறார்கள் என்று அடுத்த ஆண்டே ரொனால்ட் கோஸ் எழுதினார். ஆகவே அவற்றை விட்டுவிட்டு நம் பக்கத்துக்கு வருவோம். இந்த மாத ஆசிரியர் பக்கம் முழுவதும் அந்த மாணவிக்குத்தான். மற்றவர்களும் கூடவே வாருங்கள்.

வாங்குபவர் ஒருவர், விற்பவர் ஒருவர். விலை பேசி முடித்துக் காசும் சரக்கும் கைமாறுகிறது. இருவருக்கும் சம்மதம், இருவருக்கும் லாபம். அந்தப் பேச்சில் கலந்துகொள்ளாத மூன்றாவது ஆளுக்கு இதனால் நட்டம் வந்தாலும், நன்மை வந்தாலும், அது புறவிளைவு. நட்டமானால் அவரிடம் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. நன்மையானால் அவர் யாருக்கும் காசு கொடுக்கவில்லை. பாடம் இவ்வளவுதான். இனி அந்த மூன்றாவது ஆளைப் போய்ப் பார்க்கலாம்.

வெள்ளியங்கிரி மலைப் பக்கத்தில் பிறந்து, கோவையையும் சூலூரையும் திருப்பூரையும் தொட்டுக்கொண்டு போய், கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே கொண்ட ஊரில் காவிரியோடு சேர்கிறது நொய்யல். திருப்பூருக்குக் கிழக்கே, சென்னிமலைப் பக்கம், ஒரத்துப்பாளையத்தில் அதன் குறுக்கே ஓர் அணை கட்டினார்கள். 1992-ல் வேலை முடிந்தது. ஈரோடு, கரூர் பக்கங்களில் பல ஆயிரம் ஏக்கருக்குத் தண்ணீர் கொடுப்பதாகத் திட்டம். அதே ஆற்றங்கரையில் கொஞ்ச தூரத்தில்தான் கொடுமணல். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே இரும்பு உருக்கி, கல்மணி செய்து வெளியூருக்கு அனுப்பிய ஊர். நொய்யல் கரைக்குத் தொழிலும் ஏற்றுமதியும் புதிது அல்ல.

அணை கட்டி முடிந்த நேரமும் திருப்பூர்ப் பனியன் உலகம் முழுக்கப் போகத் தொடங்கிய நேரமும் ஒன்றாகிவிட்டன. பனியனுக்கு வெளுப்பு வேண்டும், சாயம் வேண்டும். சலவைப்பட்டறைகளும் சாயப்பட்டறைகளும் நூற்றுக்கணக்கில் வந்தன. தண்ணீர் நிறம் மாறியதை எல்லோரும் பார்த்தார்கள், படமெடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாதது உப்பு. பருத்தியில் சாயம் பிடிக்க உப்புப் போடவேண்டும், அதுவும் மூட்டை மூட்டையாக. போட்ட உப்பு துணியில் தங்காது. அத்தனையும் கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். ஒரு லிட்டர் கழிவுநீரில் கரைந்த உப்புகள் 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. நிறத்தைச் சுண்ணாம்பும் படிகாரமும் போட்டு ஓரளவு எடுத்துவிடலாம். உப்பை அப்படி எடுக்க முடியாது.

ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தொட்டியானது. தேக்கி வைத்தால் சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பேறும். மதகைத் திறந்துவிட்டால் கீழே கரூர் வரை ஆற்றங்கரை முழுவதும் பாழ். தண்ணீருக்காகக் கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று பாசன விவசாயிகளே கேட்ட கதை இங்கேதான் நடந்தது. அந்தத் தண்ணீர் பாய்ந்தால் மண் வெளுத்துப் பொரிந்தது. மஞ்சளும் வாழையும் வைத்த நிலத்தில் உப்புத் தாங்கும் பயிரைத் தேட வேண்டியதாயிற்று. மாடு அந்தத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இப்போது கணக்கைப் பாருங்கள். பட்டறைக்காரர் நூலுக்கும் சாயத்துக்கும் ஆள்கூலிக்கும் விறகுக்கும் காசு கொடுத்தார். ஏற்றுமதியாளர் பட்டறைக்காரருக்குக் கொடுத்தார். ஐரோப்பாவில் ஒருவர் கடையில் காசு கொடுத்து டி-ஷர்ட் வாங்கிப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு கையிலும் ரசீது இருக்கிறது. ஒரத்துப்பாளையத்துக்காரர் மட்டும் ரசீது இல்லாமல் கொடுத்தார். அவர் கிணறு கொடுத்த காசு விலையில் சேராததால் பனியன் மலிவாக இருந்தது. மலிவாக இருந்ததால் இன்னும் அதிகமாக விற்றது. அதிகமாக விற்றதால் இன்னும் உப்பு வந்தது. சந்தை தவறு செய்கிறது என்று பாடப்புத்தகம் சொல்லும் இடம் இது. விலையில் ஒரு செலவு விடுபட்டுப் போனால், எவ்வளவு உற்பத்தி செய்வது என்ற முடிவே தப்பாகப் போய்விடும். பட்டறைக்காரர் கெட்டவராக இருக்கவேண்டிய அவசியமில்லை. நல்லவர் ஒருவர் மட்டும் முன்வந்து கழிவைச் சுத்திகரித்தால், அவர் சாயக்கூலி ஏறும், ஆர்டர் அடுத்த பட்டறைக்குப் போகும். நல்லவரைத் தண்டிக்கும் சந்தை அது.

இதற்கு என்ன வைத்தியம்? கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஏ.சி. பிகு 1920-ல் நலப் பொருளியல் பற்றிய தன் நூலில் ஒரு வழி சொன்னார். ரயில் இன்ஜினிலிருந்து பறக்கும் தீப்பொறி தண்டவாளத்துக்குப் பக்கத்துக் காட்டை எரிக்கிறது. அந்தச் சேதத்தின் செலவை ரயில்வேயின் கணக்கில் ஏற்றினால், அவர்களே பொறியைத் தடுக்க வழி தேடுவார்கள். சேதத்துக்குத் தகுந்தபடி வரி போடு என்பது அதன் சுருக்கம். உலகம் முழுவதும் பொருளியல் வகுப்பில் கரும்பலகையில் இதற்கு இரண்டு கோடு போட்டு விளக்குகிறார்கள். நம் பக்கத்தில் இதை ஓர் உயர்நீதிமன்றம் செய்து காட்டியது.

நொய்யல் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பர் 22 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கழிவுநீரை முழுவதுமாகச் சுத்திகரித்து, ஒரு சொட்டும் ஆற்றில் விடாத நிலைக்கு வரும்வரை, வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் பட்டறைகள் காசு கட்டவேண்டும். 2007 ஜனவரி முதல் மார்ச் வரை லிட்டருக்கு 6 காசு. ஏப்ரல், மே மாதங்களில் 8 காசு. ஜூன், ஜூலையில் 10 காசு. அதற்குப் பிறகு விடவே கூடாது. நீதிபதிகள் அதை அபராதம் என்றார்கள். பிகு உயிரோடு இருந்திருந்தால் தன் வரி என்று உரிமை கொண்டாடியிருப்பார்.

ஆறு காசு என்பது எவ்வளவு? ஒரு கிலோ துணிக்குச் சாயமேற்ற நூறு லிட்டர் தண்ணீர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு ஆறு ரூபாய் ஆகிறது. ஒரு கிலோவில் ஐந்தாறு டி-ஷர்ட் வரும். ஆக ஒரு டி-ஷர்ட்டுக்கு ஒரு ரூபாய், ஒன்றே கால் ரூபாய். பத்துக் காசு என்றால் இரண்டு ரூபாய். ஓர் ஆற்றைக் கொன்ற செலவு, ஒரு துணிக்கு என்று பிரித்தால், டீக்கடையில் மீதிச் சில்லறையாக விட்டுவிட்டு வரும் காசுதான். கேட்பதற்கு ஆறுதலாக இருக்கிறதா? எனக்குக் கோபம்தான் வருகிறது. இவ்வளவு சின்னத் தொகையை முன்பே விலையில் சேர்த்திருக்கலாமே.

இழப்பீடு வாங்கியவர்கள் பக்கத்துக் கணக்கும் இருக்கிறது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் வழக்கில், கெடுத்தவரே ஈடு செய்யவேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொன்னதையடுத்து, தமிழ்நாட்டில் சூழல் இழப்பு ஆணையம் ஒன்று அமைந்தது. நொய்யல் கரையில் பாதிக்கப்பட்ட 28,596 பேருக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடு என்று அது 2004-ல் கணக்குப் போட்டது. கோடி என்றதும் பெரிதாகத் தெரிகிறது. வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு 8,700 ரூபாய்கூட வரவில்லை. பசுமாடு ஒன்று வாங்கப் போதாது.

கோஸ் 1960-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வேறொரு வழி சொல்கிறது என்பதையும் மாணவி படித்திருப்பார். உரிமை யாருக்கு என்று தெளிவாக இருந்து, பேரம் பேசச் செலவும் ஆகாவிட்டால், இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்வார்கள், வரி வேண்டாம் என்பது அதன் சாரமாக வகுப்பில் சொல்லப்படும். பட்டறைகள் எழுநூறுக்கு மேல், விவசாயிகள் இருபத்தெட்டாயிரத்துக்கு மேல். எந்தக் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து பேசுவது? யார் பட்டறையின் உப்பு யார் கிணற்றில் இறங்கியது என்று எப்படிப் பிரிப்பது? கோஸே இதைத்தான் சொன்னார், பேரத்துக்குச் செலவு உண்டு, அதைக் கணக்கில் எடுங்கள் என்று. அவர் பெயரைச் சொல்லி மற்றவர்கள்தான் பாதியை விழுங்கிவிட்டார்கள். நம் பக்கத்தில் பேரம் நடக்காமலும் இல்லை. திருப்பூரைச் சுற்றிய ஊர்களில் விவசாயி தன் கிணற்றுத் தண்ணீரை லாரிக்காரருக்கு விற்றார், லாரிக்காரர் பட்டறைக்கு விற்றார். மூன்று பேருக்கும் லாபமான சுத்தமான பேரம். இறங்கியது பக்கத்துத் தோட்டத்துக் கிணறு, உப்பேறியது ஆற்றின் கீழ்க்கரை.

நீதிமன்றம் கொடுத்த தவணை மேல் தவணை முடிந்தும் கழிவு நிற்கவில்லை. 2009 அக்டோபர் 6-ல் உச்சநீதிமன்றமும் பட்டறைகளின் பொறுப்பை உறுதி செய்தது. கடைசியில் 2011 ஜனவரி 28 அன்று எல்லாப் பட்டறைகளையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்கச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஆண்டைத் திருப்பூர்க்காரர்கள் மறக்கமாட்டார்கள். துணி சாயத்துக்காக வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் லாரியில் போய்வந்தது. புறவிளைவும் சேர்ந்து லாரி ஏறியது என்று சொல்பவர்கள் சொன்னார்கள், அதில் உண்மை உண்டு. பிறகு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் உப்புக்கரைசலை மீட்டு மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தும் முறை வெள்ளோட்டம் பார்க்கப்பட்டது. இன்றைக்குச் சவ்வூடு வடிகட்டி, எஞ்சியதைக் காய்ச்சி ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். காய்ச்சுவதற்கு எரிபொருள் வேண்டும், பிரிக்க முடியாத கலப்பு உப்பு கொட்டகையில் சேர்கிறது. அவை வேறு கணக்குகள். ஆனால் ஒன்று நடந்துவிட்டது. நொய்யல் கரைக்காரர் கொடுத்துக்கொண்டிருந்த செலவின் பெரும்பகுதி சாயக்கூலிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. திருப்பூர் அழியவில்லை.

கெடுதலையே பேசிக்கொண்டிருந்தால் பாடம் பாதிதான். நன்மையும் வழிந்து ஓடும். அதற்கு நம் கோவையிலேயே அருமையான சாட்சி, 1912-ல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்கு நிலையம். ஏன் கோவை? வட இந்தியக் கரும்பு அங்கே பூக்கத் தயங்கும், இங்கே நன்றாகப் பூக்கும். பூத்தால்தான் இனக்கலப்பு. அந்த நிலையத்தின் ஆராய்ச்சியாளர்கள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்ற நாட்டுக் கரும்போடு, வாய்க்கால் ஓரத்தில் தானாக வளரும் காட்டுக்கரும்பு ஒன்றைக் கலந்தார்கள். அதிலிருந்து வந்த கோ 205 என்ற ரகம் 1918-ல் வெளியானது. பஞ்சாப் பக்கத்துக் குளிரையும் வறட்சியையும் தாங்கி நின்றது. பெயரில் உள்ள ‘கோ’ நம் கோயம்புத்தூர்தான். அதன்பின் வந்த கோ ரகங்கள் பல நாடுகளுக்குப் போயின.

இதில் பொருளியல் என்னவென்றால், ஒரு பஞ்சாப் விவசாயி கோ 205-ஐ நட்டதால் இன்னொருவருக்கு அந்த ரகம் குறைந்துபோகவில்லை. கரணையை வெட்டி அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டால் தடுக்கவும் முடியாது. தீராத பொருள், தடுக்கவும் முடியாத பொருள். இதுதான் பொதுப் பண்டம். பொருளியலாளர் பால் சாமுவேல்சன் 1954-ல் கணிதமாக எழுதிக் காட்டியது இதைத்தான். லாபத்துக்காக மட்டும் ஒரு கம்பெனி இந்த ஆராய்ச்சியைச் செய்திருக்காது, ஏனென்றால் நன்மையில் பெரும்பங்கு அதன் கல்லாவுக்கு வராமல் ஊர் ஊராகப் போய்விடும். ஆகவே வரிப்பணத்தில் நடந்தது. வேளாண் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்கு எதற்கு இவ்வளவு பணம் என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்கு இந்தக் கரும்புதான் நினைவுக்கு வரும்.

வழிந்து ஓடும் நன்மை எப்போதும் இப்படிச் சுமுகமாக இருப்பதில்லை. பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1950-களில் வெட்டியது, 200 கிலோமீட்டர் மண் வாய்க்கால், 2.07 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டு. ஒரு போகத்துக்கு ஒற்றைப்படை மதகு, அடுத்த போகத்துக்கு இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். மண் வாய்க்கால் என்பதால் வழியெல்லாம் கசியும். எழுபது ஆண்டாகக் கசிந்த தண்ணீர் வாய்க்காலின் கீழ்ப்புறத்துத் தோட்டங்களின் கிணறுகளில் ஊறி, தென்னையாகவும் மஞ்சளாகவும் நிற்கிறது. ஊர்க் குடிநீர்க் கிணறுகளும் அந்த ஊற்றில்தான் இருக்கின்றன. இந்தக் கசிவுக்கு யாரும் தண்ணீர்த் தீர்வை கட்டியதில்லை. ஆயக்கட்டுப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை.

2020 நவம்பரில் அரசாணை 276 வந்தது. 709.60 கோடி ரூபாயில் வாய்க்காலைச் சீரமைத்து கான்கிரீட் போடுவது என்று. கடைமடைக்காரர்கள் வரவேற்றார்கள். பதிவேட்டில் பெயர் இருந்தும் தண்ணீர் வந்து சேராதவர்கள் அவர்கள். கசிவை நம்பிய தோட்டக்காரர்கள் எதிர்த்தார்கள். ஊர்வலம், உண்ணாவிரதம், வழக்கு. ஒரே சாதிசனம், ஒரே கோயில், சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்கள் இரண்டு பக்கமும் நின்றன. அண்ணன் நிலம் ஆயக்கட்டில், தம்பி தோட்டம் கசிவில் என்று வீட்டுக்குள்ளேயே பிளவு. யார் பக்கம் நியாயம் என்று ஆசிரியரிடம் அப்போது கேட்ட வாசகர்கள் உண்டு.

என் தீர்மானத்தைச் சொல்கிறேன். கசிவை ‘நீரிழப்பு’ என்று திட்ட அறிக்கையில் ஒரே வரியில் எழுதியது தவறு. வாய்க்காலை விட்டு வெளியே போன தண்ணீர் உலகத்தை விட்டு வெளியே போகவில்லை. அது போய்ச் சேர்ந்த கிணறுகளை முதலில் எண்ணியிருக்க வேண்டும். அதேபோல் கடைமடைக்காரரைப் பொறாமைக்காரர் என்று பேசியதும் தவறு. சட்டப்படி அவருடையது அந்தத் தண்ணீர். கரை உடையும் இடத்தில் கான்கிரீட் போடலாம். வாய்க்கால் முழுவதும் போடுவதற்கு முன், கசிவால் வாழ்பவர் யார், எத்தனை பேர், அவர்களுக்கு மாற்று என்ன என்று ஒரு பட்டியல் இல்லாமல் ஒரு மூட்டை சிமென்ட்கூட இறக்கக் கூடாது. கெடுதல் செய்தவனிடம் வசூலிக்க நாம் கற்றுக்கொண்டோம். கேட்காமல் கிடைத்த நன்மையை நிறுத்தும்போது என்ன செய்வது என்று இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

பண்டங்களின் வகை என்ற அடுத்த பாடத்தை இரண்டே கேள்வியில் முடித்துவிடலாம். காசு கொடுக்காதவரைத் தடுக்க முடியுமா? நான் எடுத்தால் உங்களுக்குக் குறையுமா? காதர்பேட்டையில் வாங்கும் பனியனுக்கு இரண்டுக்கும் ஆமாம், அது தனிப் பண்டம். கோ 205-க்கு இரண்டுக்கும் இல்லை. கேபிள் டிவிக்குத் தடுக்க முடியும், குறையாது. அதை மன்றப் பண்டம் என்பார்கள். தடுப்பது கடினம், எடுத்தால் குறையும் என்று இருப்பது பொதுவளம். ஒரே பொருள் வகை மாறுவதும் உண்டு. 2025 அக்டோபரில் அவிநாசி சாலையில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலம் விடியற்காலை ஐந்து மணிக்குப் பொதுப் பண்டம், யார் போனாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. மாலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு காரும் அடுத்த காரின் நேரத்தைத் தின்றுகொண்டிருக்கும்.

இதில் நமக்கு உயிர்நாடியானது நாலாவது வகை. நிலத்தடி நீர்.

சூலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பழைய வெட்டுக்கிணறு பார்த்தேன். கல்கட்டு இன்னும் அப்படியே இருக்கிறது. கமலை இறைத்த காலத்துக் கயிற்றுத் தடம் கல்லில் பள்ளமாகத் தெரிகிறது. கிணற்றுக்குள்ளே வேலிக்காத்தான் முளைத்து மேலே எட்டிப்பார்க்கிறது. கிணற்றைச் சுற்றி ஆறு இடத்தில் போர் போட்ட இரும்புக் குழாய் தலை நீட்டியிருந்தது. ஐந்துக்கு மூடி போட்டிருந்தார்கள். ஆறாவதில் மட்டும் தண்ணீர், அதுவும் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மணி நேரம் நிறுத்திவைக்க வேண்டும். “பக்கத்துத் தோட்டத்துல எண்ணூறு அடி போட்டாங்க, நம்மது நின்னு போச்சுங்க. நாம ஆயிரத்து நூறு போட்டோம். இப்ப அவங்களது நின்னு போச்சு” என்றார் தோட்டக்காரர். ஒருவரை ஒருவர் குறை சொல்லவில்லை. திருவிழாவுக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் போகிறார்கள். லாபம் பார்த்தது திருச்செங்கோட்டு ரிக் வண்டி மட்டும்.

சட்டம் இதைத் தனிப் பண்டமாகப் பார்க்கிறது. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் முதற்கொண்டு, தன் நிலத்துக்கு அடியில் உள்ள தண்ணீரை எடுத்துக்கொள்ள நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு. பூமிக்குள் பாறை வெடிப்புக்குப் பட்டா தெரியாது. தமிழ்நாடு 2003-ல் நிலத்தடி நீர் மேலாண்மைக்குத் தனிச் சட்டம் இயற்றியது. பத்து ஆண்டு கழித்து, 2013-ல், அதை நீக்கியும் விட்டது.

மின்சாரத்தைத் தொடாமல் இதைப் பேச முடியாது. மின்கட்டண உயர்வுக்கு எதிராக வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972-ல் கோவையை மாட்டுவண்டிகளால் நிறைத்த மண் இது. 1990-ல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. அதைப் பெறுவதற்கான போராட்டத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. அதைக் குறைசொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. விளைந்ததற்கு விலை கிடைக்காத விவசாயியிடம் மின்கட்டணமும் கேட்பது அநியாயம். ஆனால் இன்னொரு லிட்டர் எடுக்க எனக்குச் செலவு பூச்சியம் என்றால், அந்த லிட்டரால் பக்கத்துக்காரருக்கு வரும் செலவு என் கண்ணில் படவே படாது. இங்கே பட்டறையும் நானே, ஒரத்துப்பாளையமும் நானே. அதனால்தான் இதற்கு வழக்குப் போட ஆளில்லை.

எலினார் ஆஸ்ட்ரோம் என்ற அமெரிக்கப் பேராசிரியை, இப்படிப்பட்ட பொதுவளங்களை ஊர்க்காரர்களே விதி போட்டுக் காப்பாற்றிய இடங்களைத் தேடித்தேடிப் பார்த்து 1990-ல் ஒரு நூல் எழுதினார். திருப்பூர் வழக்கில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்த அதே 2009 அக்டோபரில், ஆறு நாள் கழித்து, அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். யாருக்குப் பங்கு என்பதில் தெளிவு, ஊரே போட்ட விதி, விதி மீறினால் முதலில் சிறு தண்டம், கண்காணிக்க ஊர் ஆள். இவை இருந்த இடங்களில் வளம் நின்றது என்கிறார். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை காத்து நின்றவர்களுக்கு இது புதுச்செய்தி அல்ல. வாய்க்காலில் ஓடும் தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் முறை வைக்க முடிந்தது. பாறைக்குள் ஓடுவது தெரியவில்லை.

நிரப்புகிற பக்கத்திலும் இதே சிக்கல்தான், திசை மட்டும் எதிர். நான் என் வீட்டில் மழைநீர்த் தொட்டி கட்டினால் ஏறுவது தெருவின் நீர்மட்டம். செலவு எனது, பலன் பலருக்கு. அதனால் தானாக யாரும் போதுமான அளவு செய்யமாட்டார்கள். 2003-ல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது சரியான பொருளியல். 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டமும் அப்படித்தான். 1,916.41 கோடி ரூபாயில் ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி உபரிநீர். அதற்காக மூன்று தலைமுறை கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் குளத்தில் விடும் தண்ணீர் பூமிக்குள் இறங்கினால், அதிக ஆழம் போர் போட்டவருக்கு அதிகம் கிடைக்கும். எடுப்பதற்கு முறை இல்லாமல் நிரப்புவதற்கு மட்டும் திட்டம் போட்டால், ரிக் வண்டிக்குத்தான் இன்னொரு சீசன்.

முறை வைக்க வேண்டுமானால் முதலில் கணக்கு வேண்டும். அதனால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்துக் கிணறோ வீட்டுக் கிணறோ, எந்த ஆண்டு வெட்டியது, எத்தனை அடியில் அன்று தண்ணீர் நின்றது, பிறகு எந்தெந்த ஆண்டு எத்தனை அடிக்குப் போர் போட்டீர்கள், இன்று எதில் தண்ணீர் வருகிறது என்று ஒரு தபால் கார்டில் எழுதி அனுப்புங்கள். ஊர்ப் பெயர் போதும், உங்கள் பெயர் வேண்டாம். அப்பாவுக்கோ அப்புச்சிக்கோ நினைவிருந்தால் கேட்டு எழுதுங்கள், வயதானவர்களிடம் இந்த விவரம் துல்லியமாக இருக்கும். பொங்கலுக்குள் வந்து சேர்ந்தவற்றை ஊர்வாரியாகத் தொகுத்து வரைபடத்தோடு இதழில் போடுகிறோம். தண்ணீர் வராத போரையும் விட்டுவிடாமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்